இருவரில் ஒருவர் அறிவித்தால் போதும்

அந்த வசனத்தை எழுதியது நான்தான். பிறகு ஊரில் நடந்த பேச்சுகளில் எல்லாரும் அது கொழும்புத் தலைமை அலுவலகத்திலிருந்து வந்தது என்றே நினைத்துக்கொண்டார்கள். நானும் வாய் திறக்கவில்லை. இப்போதாவது சொல்லிவிடலாம் என்று பார்க்கிறேன்.

நுரைச்சோலைக்கும் பாலாவிக்கும் இடையில், களப்புப் பக்கமாக இருக்கிற நண்டுக் கொம்பனி ஒன்றில், ஆட்களின் லீவு, கடிதம் எல்லாம் பார்க்கிற ஆளணிப் பிரிவில் எட்டு வருடமாக வேலை செய்கிறேன். காலையில் நண்டு வந்து இறங்கும். அவித்து ஆற வைத்ததும் பெண்கள் நீண்ட இரும்பு மேசைகளைச் சுற்றி உட்கார்ந்து ஓட்டை உடைத்துச் சதையைப் பிரித்தெடுப்பார்கள். எல்லாருக்கும் ஒரே வெள்ளை அங்கி, தலையுறை, வாய்க்கவசம், முழங்கால் வரை றப்பர் சப்பாத்து. கண்களை வைத்துத்தான் ஆளை அடையாளம் காண வேண்டும். புதிதாக வருகிறவர்கள் முதல் மாதம் தங்களுடைய மச்சியையே பக்கத்தில் வைத்துக்கொண்டு தேடுவார்கள்.

எங்களிடம் நண்டு வாங்குகிற வெளிநாட்டுக் கொம்பனி ஒன்று, எழுத்தில் இருக்க வேண்டிய கொள்கைகள் என்று ஒரு பட்டியல் அனுப்பியது. தீ விபத்து, கை கழுவுதல், சிறுவர் வேலை என்று போன பட்டியலின் கடைசியில், ஒன்றாக வேலை செய்கிறவர்களுக்கிடையிலான காதல் உறவு என்றும் இருந்தது. அதைப் பார்த்து எங்கள் முகாமையாளர் சிரித்தார். அவர் சிலாபத்து ஆள். சிங்களமும் தமிழும் கலந்து கதைப்பார், மனதில் எதையும் வைத்துக்கொள்ளாதவர்.

"மிஸ், இதையும் எழுதணுமாம். கொழும்பிலிருந்து ஒரு மாதிரி வந்திருக்கு. நம்ம இடத்துக்குச் சரி வாற மாதிரித் தமிழிலயும் சிங்களத்திலயும் போட்டுத் தாங்க" என்றார்.

தலைமை அலுவலகத்து மாதிரியில் எல்லாமே தடை. காதலித்தால் எச்சரிக்கைக் கடிதம், இரண்டாம் முறை வேலை நீக்கம். எனக்கு அது பிடிக்கவில்லை. அதற்குக் காரணம் இருந்தது. அதற்கு முந்திய வருடம் ஐஸ் அறைக்குப் பின்னால் கதைத்துக்கொண்டு நின்ற இரண்டு பேருக்கு நான்தான் கடிதம் அடித்தேன். பெண்ணின் கடிதம் வீட்டு விலாசத்துக்குப் போனது. மூன்றாம் நாள் அவள் கன்னம் வீங்கி வந்து சாமான்களை எடுத்துக்கொண்டு போனாள். என்ன நடந்தது என்று நான் கேட்கவில்லை.

அதனால் இந்த முறை நல்லதாக எழுத வேண்டும் என்று நினைத்தேன். தடை வேண்டாம், அறிவித்தால் போதும். இரண்டு பேரில் ஒருவர் மற்றவருக்கு மேலே வேலை செய்கிறவராக இருந்தால் இடம் மாற்றிவிடலாம். வேறொரு கொம்பனியிலிருந்து வாங்கிய அறிவித்தல் படிவத்தில் இரண்டு கையெழுத்துக்கு இடம் இருந்தது. அதைப் பற்றி இரண்டு நாள் யோசித்தேன். எங்கள் ஊர்ப் பக்கத்தில் ஒரு குமர்ப் பிள்ளை தனக்கு ஒருவனோடு பழக்கம் என்று எழுதிக் கையெழுத்து வைப்பாளா? வைத்தாலும் அந்தக் கடதாசி யாருடைய கையிலாவது சிக்கி வீட்டுக்குப் போனால் என்ன நடக்கும்? பெண்ணின் கையெழுத்தே அதில் இருக்கக்கூடாது என்று முடிவு செய்தேன். 'இருவரில் ஒருவர் அறிவித்தால் போதும்' என்று எழுதினேன். எழுதி முடித்ததும் எனக்கு என்மேலேயே ஒரு பெருமை வந்தது.

முகாமையாளர் வாசித்துப் பார்த்துத் தலையாட்டினார். கடைசியில் ஒன்றைச் சேர்க்கச் சொன்னார். விசாரிக்கிற உத்தியோகத்தரே சம்பந்தப்பட்டிருந்தால் அவர் விசாரணையிலிருந்து விலக வேண்டும் என்று. அதையும் சேர்த்தேன். நியாயமான வசனம்தான்.

சாப்பாட்டு மண்டபத்தில் வைத்து நான்தான் அதை வாசித்துக் காட்டினேன். வாய்க்கவசத்துக்குள்ளே எல்லாரும் சிரிக்கிற சத்தம் கேட்டது. பின் வரிசையிலிருந்து ஒருத்தி எழும்பிக் கேட்டாள்: "மிஸ், கதைச்சாத்தான் எழுதணுமா, பார்த்துச் சிரிச்சாலும் எழுதணுமா?" மண்டபமே கலகலத்தது. நானும் சிரித்துவிட்டேன்.

சுவரோரமாக நின்ற ஒருவர் மட்டும் சிரிக்கவில்லை. சதை பிரிக்கும் பகுதியின் மேற்பார்வையாளர் அவர். சிலாபப் பக்கத்திலுள்ள வேறொரு தொழிற்சாலையிலிருந்து இரண்டு வருடத்துக்கு முன்பு எங்களிடம் வந்தவர். முப்பத்தைந்து வயதிருக்கும், கல்யாணம் முடிக்கவில்லை. குரல் உயர்த்தி யாரும் கேட்டதில்லை. தொழுகை நேரம் தவறமாட்டார். அங்கியில் ஒரு கறை இருக்காது. பெண்களுக்குச் சுகமில்லை என்றால் தானே வந்து லீவுக்குச் சொல்லிவிட்டுப் போவார். நான் மண்டபத்தை விட்டு வெளியே வந்தபோது அவரும் கூடவே நடந்து வந்தார்.

"நல்லா எழுதி இருக்கீங்க மிஸ். ரெண்டு பாஷையிலயும் கவனிச்சுக் கேட்டன். மனிசர யோசிச்சு எழுதின மாதிரி இருக்கு" என்றார்.

அந்த வார்த்தை எனக்குச் சந்தோஷமாக இருந்தது. வீட்டுக்குப் போய்ப் புருஷனிடமும் சொன்னேன்.

முதலில் வந்த படிவம், பொதி கட்டும் பகுதியில் வேலை செய்த ஒரு சோடியினுடையது. அவர்களுக்கு வீட்டிலேயே பேசி முடித்திருந்தார்கள். படிவத்தை இரண்டு பேருமாகக் கொண்டு வந்து சிரித்துக்கொண்டே தந்தார்கள். நான் அதை மேசை லாச்சிக்குள் வைத்துப் பூட்டினேன். ஒரு மாதம் வேறு எதுவும் வரவில்லை.

தென்மேற்குக் காற்று தொடங்கியிருந்த காலம். யன்னலைத் திறந்தால் மேசை முழுக்க மண்ணும் அனல் மின் நிலையத்து நிலக்கரித் தூசியுமாகிவிடும். ஒரு செவ்வாய்க்கிழமை காலை நான் யன்னல்களை இறுக்கிக்கொண்டிருந்தபோது மேற்பார்வையாளர் கதவைத் தட்டிவிட்டு உள்ளே வந்தார். உறையில் போட்ட படிவமொன்றை மேசையில் வைத்தார்.

"கொள்கைப்படி அறிவிக்கிறன் மிஸ். ரகசியமா இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அழகான கையெழுத்து. ஒரு எழுத்துக்கூட வெட்டித் திருத்தவில்லை. அவருடைய பெயர், கீழே அவருடைய மேசையில் வேலை செய்கிற ஒரு பிள்ளையின் பெயர். உறவு எப்போது தொடங்கியது என்ற இடத்தில் ஆறு மாதத்துக்கு முந்திய திகதி ஒன்று. குறிப்பு என்ற இடத்தில், 'திருமண எண்ணம் உண்டு. மற்றவர் குடும்பத்துக்குப் பயந்து வெளியில் சொல்லத் தயங்குகிறார்' என்று இருந்தது.

அந்தப் பிள்ளையை எனக்குத் தெரியும். கண்டக்குழியிலிருந்து விடியப்புறம் பஸ்ஸில் வருகிறவள், இருபத்திரண்டு வயது. மேசையிலேயே மிக வேகமான கை அவளுடையதுதான். வாப்பா படகுத் தொழில். நான் அவளைக் கூப்பிட்டு, கதவைச் சாத்திக் கதிரையில் உட்கார வைத்தேன். அவள் வாய்க்கவசத்தைக் கழற்றாமலே உட்கார்ந்தாள்.

"பயப்பட ஒண்டுமில்ல தங்கச்சி. இப்படி எழுதித் தந்தா கொம்பனி ஒண்டும் செய்யாது. ஒங்கள வேற மேசைக்கு மாத்துவம், அவ்வளவுதான்" என்றேன்.

"என்னத்த மிஸ் எழுதி?"

நான் படிவத்தை அவள் பக்கம் திருப்பினேன். அவள் வாசித்தாள். திரும்பவும் முதலிலிருந்து வாசித்தாள். பிறகு கவசத்தை இழுத்துக் கழுத்துக்கு இறக்கினாள்.

"நான் இந்த ஆளோட கதைச்சதே இல்ல மிஸ். வேல சொல்லுறப்ப ஓம், இல்ல எண்டு சொல்லுவன். ரெண்டு தரம் என்னட்ட விருப்பம் கேட்டார். ஏலா எண்டு சொன்னன். ரெண்டாவது தரம் சிரிச்சிட்டு, பரவாயில்ல, நான் பார்த்துக்கொள்றன் எண்டார். அவ்வளவுதான் மிஸ். அல்லாஹ்வுக்காக, இந்தக் கடதாசியக் கிழிச்சுப் போடுங்க."

கிழித்திருக்கலாம். லாச்சிக்குள் போகாத கடதாசி, பதிவில்லை. அன்றைக்குக் கிழித்திருந்தால் என்ன நடந்திருக்கும் என்று இன்றைக்கும் நினைத்துப் பார்ப்பேன். ஆனால் நான் ஒழுங்கு பார்க்கிற ஆள். அதை எடுத்துக்கொண்டு முகாமையாளரிடம் போனேன்.

அவர் கண்ணாடியைப் போட்டு வாசித்தார்.

"பொய் எண்டு சொல்றாளா?"

"ஓம் சேர்."

"அப்போ அவனுக்கு என்ன லாபம் மிஸ்? இல்லாத ஒண்ட எவனாவது தானே வந்து எழுதிக் குடுப்பானா? மாட்டுப்பட்டவன் இல்லையெண்டு சொல்லுவான். இவன் ஓம் எண்டு சொல்றான் நே."

அவர் மேற்பார்வையாளரை வரச் சொன்னார். அவர் வந்து கைகளை முன்னால் கோர்த்துக்கொண்டு நின்றார். பிள்ளை மறுக்கிறாள் என்று சொன்னபோது அவருக்குக் கோபம் வரவில்லை. பார்வையைத் தாழ்த்தினார்.

"அவ அப்படித்தான் சொல்லுவா சேர். வீட்டுக்குப் பயம். அதுக்காகத்தானே மிஸ் ஒரு ஆள் அறிவிச்சாக் காணும் எண்டு எழுதி வைச்சிருக்கிறா. தயவுசெஞ்சு அவவ நெருக்க வேணாம்."

நான் ஒரு பிள்ளையின் பயத்துக்கு இடம் விட்டு வசனம் எழுதியிருந்தேன். அந்த இடத்துக்குள் அவர் வந்து உட்கார்ந்துகொண்டார். இனி அவள் எவ்வளவு மறுத்தாலும் அது பயத்தில் சொல்கிறாள் என்றாகிவிடும். சும்மா இருந்தால் சம்மதம் என்றாகிவிடும். எந்தப் பக்கம் போனாலும் அவர் நிற்கிறார்.

"கொள்கைப்படி செய்வோம்" என்றார் முகாமையாளர். கொள்கைப்படி இரண்டு பேரில் ஒருவர் மாற்றப்பட வேண்டும். மேற்பார்வையாளரை மாற்றினால் அந்த இடத்துக்கு ஆளில்லை. அடுத்த நாள் அந்தப் பிள்ளையைக் குளிர் அறைக்கு மாற்றிக் கடிதம் அடித்தேன். அவள் வாங்கிக்கொண்டு, "அப்ப நீங்களும் நம்பிட்டீங்களா மிஸ்?" என்று கேட்டாள். "இல்ல, இது ஒழுங்கு" என்றேன். அதைச் சொன்ன என் குரல் எனக்கே அந்நியமாக இருந்தது.

இடமாற்றம் நடந்ததும் ஊருக்கு வேறு சாட்சி தேவைப்படவில்லை. சும்மா ஒரு ஆளை மாற்றுவார்களா? படிவம் என் லாச்சிக்குள் பூட்டியேதான் இருந்தது. ஆனால் அது கைத்தொலைபேசிகளில் சுற்றியது. கொடுப்பதற்கு முன்பே மேற்பார்வையாளர் அதைப் படம் எடுத்து வைத்திருக்கிறார். யாருக்கோ 'ரகசியமாக' ஒரு தரம் காட்டினால் போதும்தானே. குளிர் அறையில் அவளோடு வேலை செய்தவர்கள் அவளை மேற்பார்வையாளரின் பெயரைச் சொல்லிக் கூப்பிடத் தொடங்கினார்கள். பகிடிக்குத்தான். அவள் பதில் சொல்வதை நிறுத்தினாள். பிறகு சாப்பாட்டு மண்டபத்துக்கு வருவதையும் நிறுத்தினாள். ஒரு நாள் பகல், குளிர் அறைக்கு வெளியே படியில் தனியாகக் குந்தியிருந்து, வாங்கி வந்த பாணைச் சாப்பிடாமல் மடியில் வைத்திருந்ததைப் பார்த்தேன். வேலிக்கு வெளியே இரண்டு கழுதைகள் காற்றுக்கு முதுகைக் காட்டி நின்றன. அவள் அவற்றையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் கிட்டப் போகவில்லை.

மேற்பார்வையாளர் வழக்கம்போல வேலை செய்தார். ஒவ்வொரு நாளும் வேலை முடிகிற நேரம் கொம்பனி வாசலில், அவள் பஸ் ஏறுகிற இடத்துக்கு எதிரே, ஒரு பத்து நிமிடம் நிற்பார். கிட்டப் போகமாட்டார், கதைக்கமாட்டார். பஸ் போனதும் தன் மோட்டார் சைக்கிளை எடுப்பார். யாராவது கேட்டால், பத்திரமாக ஏறுகிறாளா என்று பார்க்கிறேன் என்பார். அதிலும் யாருக்கும் பிழை தெரியவில்லை.

இரண்டு கிழமைக்குப் பிறகு அவளுடைய வாப்பா என்னைத் தேடி வந்தார். வெயிலில் கறுத்த மெலிந்த மனிதர். மடிப்புக் கலையாத சேட் போட்டு, தொப்பி வைத்திருந்தார். கதிரையின் நுனியில் உட்கார்ந்தார். தேத்தண்ணி வேண்டாம் என்றார்.

"மகள் இல்லயெண்டு சொல்றாள். ஊர் ஓமெண்டு சொல்லுது. நான் வாசிக்கத் தெரிஞ்ச ஆள்தான் மிஸ். அந்தக் கடதாசியக் காட்டுங்க."

"அது ரகசியக் கடதாசி. வெளி ஆளுக்குக் காட்ட எனக்கு அதிகாரமில்ல வாப்பா."

"காட்ட வேணாம். எண்ட மகள்ட பேரு அதில இருக்கா, இல்லயா? அத மட்டும் சொல்லுங்க."

நான் பூட்டிய லாச்சியைப் பார்த்தேன். அவர் கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்த்தார். பிறகு எழும்பினார்.

"விளங்குது. அந்த ஆள் எங்கட வீட்டுக்கு ஆள் அனுப்பி இருக்கிறார். முறையாப் பொண்ணு கேட்டு. வார வெள்ளிக்கிழம ஜும்மா முடிய வந்து முடிவு கேக்கிறாங்களாம். இவளுக்குப் பேசி வந்த கல்பிட்டி மாப்பிள்ள வீட்டால இனி வேணாம் எண்டு சொல்லிட்டாங்க. இனி என்ன செய்ய? பேரு கெட்ட புள்ளைய, பேரக் கெடுத்தவனுக்கே குடுத்தாத்தான் வாய அடைக்கலாம்."

அவர் போன பிறகுதான் எனக்கு முழுவதும் விளங்கியது. மேற்பார்வையாளருக்கு என்ன லாபம் என்று முகாமையாளர் கேட்டாரே, இதுதான் லாபம். ஒரு பிள்ளை இரண்டு தரம் ஏலாது என்று சொன்ன விடயத்தை மூன்றாம் தரம் அவளிடம் கேட்கத் தேவையே இல்லாமல் செய்துவிட்டார். அதற்கான வழியை நான் தமிழிலும் சிங்களத்திலும் அடித்து, அறிவித்தல் பலகையில் ஒட்டி வைத்திருந்தேன்.

அன்றைக்கே உத்தியோகபூர்வ விசாரணை கேட்டு முகாமையாளருக்கு எழுதினேன். பிள்ளையிடமிருந்து அவளுடைய சொந்தக் கையெழுத்தில் மறுப்புக் கடிதம் வாங்கினேன். அதே மேசையில் இருந்தவர்களிடம் தனித்தனியாக விசாரிக்கப் போவதாக அறிவித்தேன். மேற்பார்வையாளருக்கும் விளக்கம் கேட்டுக் கடிதம் கொடுத்தேன். அவர் அதை இரண்டு கையாலும் வாங்கி, "நாளைக்குப் பதில் தாறன் மிஸ்" என்றார்.

மறுநாள் பத்து மணியளவில் முகாமையாளர் என்னை அழைத்தார். நான் உள்ளே போனதும் தானே எழும்பிக் கதவைச் சாத்தினார். அப்படி அவர் செய்ததில்லை. மேசையில் இன்னொரு படிவம் இருந்தது.

"மிஸ், இதைக் கொஞ்சம் பாருங்க."

அதே அழகான கையெழுத்து. மேலே மேற்பார்வையாளருடைய பெயர். கீழே என்னுடைய பெயர். என் முழுப் பெயர், வாப்பாவின் பெயரோடு, எழுத்துப் பிழையில்லாமல். உறவு தொடங்கிய திகதி இரண்டு வருடத்துக்கு முன்பு. முடிந்த திகதி ஏழு மாதத்துக்கு முன்பு. குறிப்பு என்ற இடத்தில், கொள்கை வருவதற்கு முந்திய விடயம் என்பதால் அப்போது அறிவிக்கவில்லை என்றும், தான் விலகிக்கொண்டதில் மற்றவருக்கு மனவருத்தம் இருப்பதாகவும், இந்த விசாரணை அதனால் எழுந்ததாக இருக்கலாம் என்றும் எழுதியிருந்தது.

முகாமையாளர் என்னைப் பார்க்காமல் மேசையைப் பார்த்துக்கொண்டு கேட்டார்: "இது... இப்படி ஏதாவது இருந்ததா மிஸ்?"

கெட்ட எண்ணத்தோடு கேட்கவில்லை. மெதுவாக, மரியாதையாகத்தான் கேட்டார். இல்லை என்று சொன்னேன். என் வாயிலிருந்து வந்த அந்த 'இல்லை'யைக் கேட்டபோது, கதிரையில் கவசத்தை இறக்கிக்கொண்டிருந்த அந்தப் பிள்ளையின் குரல் மாதிரியே இருந்தது. அவசரமாக, கொஞ்சம் கூடுதலான சத்தத்தோடு. பொய் சொல்கிறவர்களும் இப்படித்தான் சொல்வார்கள் என்று எனக்கே தோன்றியது.

"நான் நம்புறன்" என்றார் அவர். "ஆனா உத்தியோகத்தர் விலகணும் எண்டு இருக்கு நே. நானே சொல்லிப் போட்ட வசனம். திறப்பத் தாங்க."

சாவி வளையத்திலிருந்து லாச்சியின் திறப்பைக் கழற்றிக் கொடுத்தேன். மற்ற வேலைகள் எல்லாம் என்னிடமே இருந்தன. விசாரணை மட்டும் தலைமை அலுவலகத்திலிருந்து யாராவது வரும் வரை நின்றது. யார், எப்போது என்று ஒருவருக்கும் தெரியாது. அன்று புதன்கிழமை.

திரும்பி வரும் வழியில் மேற்பார்வையாளர் எதிரே வந்தார். ஒதுங்கி வழி விட்டு, "அஸ்ஸலாமு அலைக்கும் மிஸ்" என்றார். முகத்தில் சிரிப்புமில்லை, கோபமுமில்லை. நான் பதில் சலாம் சொன்னேன். வாய் தானாகச் சொன்னது.

என் புருஷன் பாலாவியில் சீமெந்து லொறி ஓட்டுகிறவர். மஃரிபுத் தொழுகைக்குப் பிறகு அவரை உட்கார வைத்து எல்லாவற்றையும் சொன்னேன். முகாமையாளரிடம் கேட்டு வாங்கிய படிவத்தின் பிரதியையும் கையில் கொடுத்தேன். அவர் அதை நெடுநேரம் வைத்திருந்தார்.

"ஒண்ட வாப்பாட பேரு இவனுக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டார்.

"சம்பளப் பட்டியல்ல இருக்கு. அறிவித்தல்ல இருக்கு. எல்லா இடத்திலயும் இருக்கு."

"ம்."

கடதாசியை மடித்துத் தந்துவிட்டு, "எனக்கு ஒன்னைப் பத்தித் தெரியும். நான் நம்ப மாட்டன்" என்றார். எனக்கு அழுகை வந்தது. ஆனால் முதலில் கேட்டது அந்தக் கேள்வியைத்தான்.

வியாழக்கிழமை பிற்பகல் அரை நாள் லீவு போட்டேன். கண்டக்குழிக்குக் கூட்டிக்கொண்டு போகச் சொல்லிப் புருஷனிடம் கேட்டேன். ஏன் என்று கேட்காமல் மோட்டார் சைக்கிளை எடுத்தார். காற்று எங்களைப் பாதையிலிருந்து தள்ளித் தள்ளிவிட்டது. கரையில், விடுதிகளில் தங்கியிருந்து பட்டம் பிடித்துக் கடலில் சறுக்கி விளையாடுகிற வெள்ளைக்காரர்களின் பட்டங்கள் வானத்தில் நிறைய நின்றன. அந்த விடுதிகளைத் தாண்டி உள்ளே போக, வலை காயப் போட்ட ஒரு முற்றம். பிள்ளையின் வாப்பா வெளியே வந்தார். என் புருஷனையும் உள்ளே கூப்பிட்டார்.

பிள்ளையின் படிவத்தைக் காட்ட எனக்கு அப்போதும் அதிகாரமில்லை. திறப்பும் இல்லை. என்னுடையதைக் காட்ட யாரிடமும் கேட்கத் தேவையில்லை. கைப்பையிலிருந்து எடுத்து அவர் கையில் கொடுத்தேன்.

"இத வாசிங்க. இது எண்ட பேரு. இவர் எண்ட புருஷன். எங்களுக்குக் கல்யாணமாகிப் பதினொரு வருஷம். அந்த ஆள் நேத்து இத எழுதிக் குடுத்திருக்கிறார். நான் ஒங்கட மகளுக்காக விசாரண கேட்டதுக்காக."

அவர் விரலை வைத்து ஒவ்வொரு வரியாக வாய்விட்டு வாசித்தார். நான் புருஷனைப் பார்க்கவில்லை. அந்நிய வீட்டில், அந்நிய மனிதர் முன்னால், தன் பெண்சாதியின் பெயர் இன்னொருவனின் பெயருக்குக் கீழே இருப்பதை ஒருவர் வாசிக்கும்போது கேட்டுக்கொண்டிருப்பது எப்படி இருந்திருக்கும் என்று அப்போது நான் யோசிக்கவில்லை.

வாப்பா கடதாசியை மடித்து என்னிடம் திருப்பித் தந்தார். தொப்பியைக் கழற்றி முழங்காலில் வைத்தார்.

"மகளுக்கும் இதே எழுத்துத்தானா?"

"ஓம். இதே எழுத்து."

திரைச்சீலைக்குப் பின்னால் நின்ற பிள்ளை வெளியே வந்தாள். "நான் சொன்னன்தானே வாப்பா. முதல் நாளே சொன்னன்தானே" என்றாள். அழவில்லை. கோபமாக இருந்தாள். வாப்பா அவளை நிமிர்ந்து பார்க்காமல், "கடதாசியில இருக்கு எண்டாங்க புள்ள. கொம்பனிக் கடதாசி" என்றார்.

வெள்ளிக்கிழமை ஜும்மாவுக்குப் பிறகு வந்தவர்களை அவர் வாசலிலேயே நிறுத்தி, மகளைத் தர விருப்பமில்லை என்று சொல்லி அனுப்பியதாகக் கேள்விப்பட்டேன். ஏன் என்று அவர்கள் கேட்க, கொம்பனியில் ஒரு கல்யாணமான பெண்ணின் பெயரையும் அந்த ஆள் எழுதியிருக்கிறார் என்று சொல்லியிருக்கிறார். சொல்லத்தானே வேண்டும். ஞாயிற்றுக்கிழமைக்குள் நுரைச்சோலைச் சந்தை வரை என் கதை வந்துவிட்டது.

தலைமை அலுவலகத்திலிருந்து ஒருவர் வந்தார். இரண்டு படிவங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். ஒன்றையும் பொய்யென்று நிரூபிக்க முடியாது, உண்மையென்றும் முடியாது என்றார். அதனால் எல்லாரும் அமைதியாகப் பிரிவதே நல்லது என்றார். மேற்பார்வையாளர் தானாக விலகல் கடிதம் கொடுத்தார். அவருக்கு நன்னடத்தைச் சான்றிதழ் ஒன்று கொடுக்கச் சொல்லித் தலைமை அலுவலகத்தில் சொன்னார்கள். கடமை தவறாதவர், ஒழுக்கமானவர் என்று அதை அடித்ததும் நான்தான். மறுத்தால், அவர் படிவத்தில் எழுதிய என் மனவருத்தம் உண்மை என்று ஆகிவிடும். கையெழுத்து முகாமையாளருடையது.

அந்தப் பிள்ளை திரும்ப வேலைக்கு வரவில்லை. கொள்கையைத் திருத்தினேன். இரண்டு பேரும் தனித்தனியாக என்முன் வந்து கையெழுத்து வைக்க வேண்டும் என்று போட்டேன். அதற்குப் பிறகு ஒருவரும் ஒரு படிவமும் தரவில்லை. வெளிநாட்டுக் கொம்பனியிலிருந்து சரிபார்க்க வந்த பெண் கொள்கையை வாசித்துவிட்டு மிகத் தெளிவாக இருக்கிறது என்று பாராட்டினாள். முகாமையாளர் என்னைக் கைகாட்டினார்.

என் புருஷன் இப்போது ஒவ்வொரு நாளும் என்னைக் கொண்டு வந்து விட்டு, வந்து கூட்டிக்கொண்டு போகிறார். முன்பு பஸ்ஸில் வந்துபோன ஆள் நான். உனக்குப் பாதுகாப்பு என்கிறார். ஒரு நாள் அவர் வரப் பிந்தியது. வாசலில் நிற்கிற காவலாளி, "நேத்து ஒங்கட புருஷன் நேரத்தோட வந்து நிண்டு, மிஸ் எத்தனை மணிக்கு வெளிய வாறவ, யாரோட வாறவ எண்டு கேட்டவர் மிஸ். முந்தநாளும் கேட்டவர்" என்றான். அக்கறையைப் பாராட்டுகிற மாதிரித்தான் சொன்னான். நான் வீட்டில் அதைக் கேட்கவில்லை. என்னை நம்புகிறவர் அவர். எட்டு மாதமாக நம்பிக்கொண்டே இருக்கிறார்.

போன மாதம் கண்டக்குழிப் பிள்ளை எனக்குத் தொலைபேசி எடுத்தாள். பாலாவிப் பக்கம் ஒரு தையல் தொழிற்சாலையில் வேலை செய்கிறாளாம்.

"ராத்தா, எனக்கு ஒரு பிள்ள கோல் எடுத்தவள். சிங்களத்தில கதைச்சவள். எண்ட நம்பர் எப்படிக் கிடைச்சதோ தெரியா. அந்த ஆளப் பத்திக் கேக்கிறாள். எனக்கு அவ்வளவு சிங்களம் வராது. நீங்க கதைக்கிறீங்களா?"

அந்த இலக்கத்துக்கு எடுத்தேன். மெல்லிய குரல். மாதம்பைப் பக்கத்து மீன் கொம்பனி ஒன்றில் வேலை செய்கிறாளாம். அவர் இப்போது அங்கே மேற்பார்வையாளர். அவர் தன்னைக் கல்யாணம் முடிக்கப் போவதாக எல்லாரும் சொல்கிறார்கள், தான் அவரோடு சரியாகக் கதைத்ததுகூட இல்லை என்றாள். நான் நடந்ததை முழுவதும் சொன்னேன். இடையிடையே 'ம்' கொட்டிக்கொண்டிருந்தவள் திடீரென்று, "பிறகு எடுக்கிறன்" என்று சிங்களத்தில் சொல்லி வைத்துவிட்டாள். பிறகு எடுக்கவில்லை. நான் எடுத்தபோதெல்லாம் தொலைபேசி நிறுத்தப்பட்டிருந்தது.

அந்தக் கொம்பனியின் ஆளணிப் பிரிவுக்கு எடுத்தேன். என் வயதிருக்கக்கூடிய ஒரு பெண் கதைத்தாள். மரியாதையானவள். நான் யார் என்று சொன்னதும், அவரை நாங்கள் மிகவும் மதிக்கிறோம் என்றாள். பிள்ளையின் விடயத்தைச் சொல்லத் தொடங்கினேன். அவள் இடைமறித்தாள்.

"கவலைப்படாதீங்க மிஸ். எங்களிட்ட அதுக்கு ஒரு நல்ல கொள்கை இருக்கு. போன மாசந்தான் போட்டோம். அவருக்கு அனுபவம் இருக்கிறதால அவரே உதவி செஞ்சு எழுதித் தந்தார்."

"அதில எத்தின கையெழுத்து வேணும்?" என்று கேட்டேன்.

கடதாசி புரட்டுகிற சத்தம் கேட்டது. பிறகு அந்தச் சத்தம் நின்றது.

"பார்த்துச் சொல்றன் மிஸ்" என்றாள்.